படகு ஏறாத ஆறும் படகு ஓடும் காயலும்

பாலக்காடு ஜில்லாவின் கிழக்குப் பகுதியில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகில், சித்தூர் தாலுகாவைச் சேர்ந்த பெருமாட்டிப் பஞ்சாயத்து அமைந்துள்ளது. நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் பனைமரங்களும் நிறைந்த இவ்வூர்ப்புறத்தில் தமிழும் மலையாளமும் கலந்து வழங்குகின்றன. இங்கு மூலத்தரை என்னுமிடத்தில், சித்தூர்ப்புழையின் குறுக்கே நீரைத் தடுத்து இரு கரை வாய்க்கால்களுக்கும் திருப்பிவிடும் ஒழுங்குமடை உள்ளது.

கேரளம் படகுகளின் நாடு என்று பாடத்தில் படிக்கும் பெருமாட்டி மாணவன், தன் ஊரில் ஆறு இருந்தும் ஊருக்கு ஊர் செல்லும் படகு ஏன் இல்லை என்று கேட்பது இயல்பே. அவ்வினா எளியதாகத் தோன்றினும், அதற்குரிய விடையில் நீர்வழிப் போக்குவரத்தின் விஞ்ஞானம் ஏறத்தாழ முழுவதுமே அடங்கியுள்ளது. எந்த ஆற்றில் படகு ஓடும், எந்த ஆற்றில் ஓடாது, ஓடிய இடத்திலும் அது ஏன் நின்றுபோகின்றது என்பவற்றை அறிந்தவர்கள்தாம், ரயிலுக்கும் சாலைக்கும் மாற்றாகப் படகை எங்கு நம்பலாம் என்று தீர்மானிக்க இயலும்.

நீர் சுமக்கும் பாரம்

ஒரு குதிரைத் திறன் கொண்டு சாலையில் 150 கிலோகிராமும், ரயில் பாதையில் 500 கிலோகிராமும், நீரில் 4,000 கிலோகிராமும் நகர்த்தலாம் என்பது நீர்வழித் துறையினர் வழக்கமாக எடுத்துக்காட்டும் கணக்கு. எரிபொருளைப் பொறுத்தும் இவ்வாறே கூறுவர். ஒரு லிட்டர் எரிபொருள் சாலையில் ஒரு டன் சரக்கை 24 கிலோமீட்டரும், ரயிலில் 85 கிலோமீட்டரும், நீர்வழியில் 105 கிலோமீட்டரும் கொண்டு செல்லும் என்பது அக்கணக்கு.

இதன் காரணம் கடினமானதன்று. வண்டியின் பாரம் முழுவதையும் சக்கரங்கள் தரையின்மேல் அழுத்துகின்றன. படகின் பாரத்தையோ நீரே ஏந்திக்கொள்கின்றது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகின்றது என்ற ஆர்க்கிமிடீஸ் விதியை ஆசிரியர்கள் இவ்விடத்தில் நடைமுறைக் கணக்காகவே விளக்கலாம். 10 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள பெட்டி வடிவப் படகு ஒன்றைக் கொள்வோம். அதன் அடிப்பரப்பு 20 சதுர மீட்டர். ஒரு டன் சுமையை ஏற்றினால் அது ஒரு கன மீட்டர் நீரை விலக்க வேண்டும். ஆகவே படகு 5 சென்டிமீட்டர் மட்டுமே கூடுதலாக அமிழும். சுமார் 15 பேர் ஏறுவதன் விளைவு இவ்வளவே. அப்படகை நகர்த்துவதற்குத் தேவையான விசை, மெதுவாகச் செல்லும்வரையில் மிகக் குறைவு.

‘மெதுவாகச் செல்லும்வரையில்’ என்னும் நிபந்தனையை மறத்தலாகாது. படகின் வேகம் இரு மடங்கானால் நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகின்றது. அதற்கு வேண்டிய இயந்திரத் திறன் எட்டு மடங்காகின்றது. அலை எழும்பும் வேகத்தை எட்டியபின் எதிர்ப்பு இதனினும் விரைவாக வளரும். அவ்வலைகள் மண் கரைகளை அரித்துவிடும். நீர்வழியின் சிக்கனம் அதன் நிதானத்திலேயே உள்ளது. படகை ரயிலைப்போல் விரையச் செய்ய முற்படுபவர் அச்சிக்கனத்தை இழப்பர்.

மற்றொன்றும் நினைவிற்குரியது. மேற்கூறிய கணக்குகள் சரக்கைப் பற்றியவை. பிரயாணிகளைப் பொறுத்தவரை, பாதி காலியாக ஓடும் படகு சிக்கனமானதாகாது. நிறைந்த படகு, நிதானமான வேகம், நிலையான நீர் ஆகிய மூன்றும் கூடியபோதுதான் நீர்வழி தன் முழுப் பயனைத் தரும்.

ஆற்றின் சரிவு

இவற்றுள் நிலையான நீர் என்பதே பெருமாட்டியில் இல்லாதது. ஆனைமலைப் பகுதியில் பிறக்கும் நீர் சித்தூர்ப்புழையாக இறங்கி, கண்ணாடிப்புழை என்ற பெயரும் பெற்று, பறளியில் கல்பாத்திப்புழையுடன் கூடிப் பாரதப்புழையாகின்றது. பின்னர் காயத்திரிப்புழையும் தூதப்புழையும் வந்து சேர, 209 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வாறு பொன்னானியில் கடலை அடைகின்றது. நீளத்தில் பெரியாற்றிற்கு அடுத்த ஆறு இதுவே. ஆயினும் கோடையில் இதன் பெரும்பகுதி மணற்பரப்பாகவே காட்சியளிக்கும். மழைக்காலத்தில் பெருக்கெடுத்து ஓடும். மழை நின்ற சில மாதங்களில் நீர் ஒடுங்கிவிடும். ஆண்டில் சில மாதங்கள் மட்டும் ஆழமுள்ள ஆற்றை நம்பிக் கால அட்டவணை போட இயலாது.

லாக்கு என வழங்கும் இரட்டைக் கதவு மடைகளைக் கட்டி ஆற்றைப் படிப்படியாக நீர்த் தேக்கங்களாக்கினால் என்ன என்ற கேள்வி எழலாம். லாக்கின் வேலை எளியது. இரு கதவுகளுக்கு இடையே உள்ள தொட்டிக்குள் படகு நுழைந்ததும் கீழ்க்கதவு மூடப்படும். மேல்மட்டத்து நீரைத் தொட்டிக்குள் விட, நீருடன் படகும் உயரும். மேல்மட்டத்தை எட்டியதும் மேற்கதவைத் திறந்து படகு வெளியேறும். இறங்குவதற்கு இதற்கு எதிரான முறை.

பாலக்காடு நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒரு லாக்கு 3 மீட்டர் உயர்த்துவதாகக் கொண்டால், பொன்னானியிலிருந்து பாலக்காட்டிற்குப் படகு ஏற 27 லாக்குகள் வேண்டும். பெருமாட்டி அதற்கும் மேலே உள்ளது. 30 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலமுள்ள லாக்கின் தொட்டியை 3 மீட்டர் உயரத்திற்கு நிரப்ப 540 கன மீட்டர் நீர் தேவை. ஒரு படகு கடக்கும்போது அவ்வளவு நீரும் மேல்மட்டத்திலிருந்து கீழே சென்றுவிடும். ஒரு ஹெக்டேர் வயலுக்கு 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு ஒரு முறை நீர் பாய்ச்ச 500 கன மீட்டர் போதும். அஃதாவது, படகு ஒரு முறை கடப்பதற்கான நீர் ஒரு ஹெக்டேர் நிலத்தின் ஒரு நனைப்பிற்கு ஈடாகும். நாளொன்றுக்கு இருபது படகுகள் கடந்தால் இருபது ஹெக்டேருக்கு மேற்பட்ட வயல்களின் ஒரு நனைப்பு நீர் போய்விடும். ஏறும் படகும் இறங்கும் படகும் மாறிமாறி வருமாறு ஒழுங்கு செய்தாலும் பாதியே மிச்சமாகும்.

பெருமாட்டியில் இந்நீரின் மதிப்பு எவ்வளவு என்பதை அப்பகுதி மக்கள் நன்கு அறிவர். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29 அன்று தமிழ்நாட்டிற்கும் கேரளத்திற்குமிடையே கையெழுத்தாயிற்று. 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாக அது கொள்ளப்பட்டது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர், அஃதாவது ஏறத்தாழ 20.5 கோடி கன மீட்டர், கேரளத்திற்கு விடப்படவேண்டும். இந்நீரே மூலத்தரையை அடைந்து சித்தூர் வயல்களுக்குப் பாய்கின்றது. நிலத்தடி நீரைப் பற்றியும் இப்பஞ்சாயத்தில் கடும் வழக்கு நிகழ்ந்ததுண்டு. பிளாச்சிமடையில் 2000இல் தொடங்கிய குளிர்பான ஆலை ஒன்று, அவ்வழக்கின் நடுவே 2004 மார்ச்சில் உற்பத்தியை நிறுத்தியது. ஒவ்வொரு குடமும் கணக்கிடப்படும் ஊரில், படகை ஏற்றுவதற்காக நீரைக் கீழே விடுவது அறிவுடைமையாகாது. எனவே பெருமாட்டிக்குப் படகு வராமை முயற்சியின்மையால் அன்று. நீரின் முதற்கடமை அங்கே வேறாக இருப்பதனாலேயே ஆகும்.

ரயிலும் படகும் சந்தித்த இடம்

பாலக்காட்டுக் கணவாயில் படகு செய்ய இயலாததை ரயில் செய்தது. பேப்பூரிலிருந்து திரூர் வரையிலான பாதை 1861 மார்ச் 12 அன்று திறக்கப்பட்டது. கேரளத்தின் முதல் ரயில் பாதை அதுவே. 1862இல் அப்பாதை கணவாயைக் கடந்து போத்தனூரை எட்டியது. ஆற்றுப் பள்ளத்தாக்கின் மென்மையான சரிவு லாக்குகளுக்கு மிகுதியாயினும், ரயிலுக்கு ஏற்றதாயிருந்தது.

கடற்கரையிலோ நிலைமை இதற்கு நேர்மாறானது. மலையிலிருந்து குறுகிய தூரத்தில் இறங்கும் ஆறுகள் கடலை அடையுமுன் தேங்கி நின்று காயல்களாகியுள்ளன. அவற்றின் மட்டம் கடல் மட்டத்தை ஒட்டியது, கோடையிலும் வற்றுவதில்லை. ஒரு காயலையும் அடுத்த காயலையும் இணைக்கச் சிறு கால்வாய்கள் வெட்டினாலே நீண்ட நீர்வழி உருவாகிவிடும். வர்க்கலையில் கடற்கரைக் குன்று ஒன்று குறுக்கிட்டது. அதனைக் குடைந்து இரு சுரங்கங்கள் அமைக்கப்பட்டு 1880இல் அவ்வேலை நிறைவுற்றபின், திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே திரூர் வரை படகுவழி தொடர்ந்தது. சொரனூர்–கொச்சி ரயில் பாதை 1902இல் வருமுன், சித்தூர்ப் பக்கத்தவர் ஒருவர் திருவனந்தபுரம் செல்ல விரும்பினால், பாலக்காட்டருகே ரயிலேறித் திரூரில் இறங்கி, அங்கிருந்து படகிலேயே தெற்கு நோக்கிச் செல்லுதல் கூடும். சரிவுள்ள நிலத்தில் ரயிலும், சமமான நீரில் படகுமாக ஒரே பிரயாணம் இரு பாதியாயிற்று. இரண்டும் போட்டியிடாமல் ஒன்றையொன்று நிறைவு செய்த காலம் அது.

ஆலப்புழையும் கோட்டயமும்

ரயில் மிகத் தாமதமாக வந்த இடங்களில் படகு நீண்டகாலம் நிலைத்தது. எர்ணாகுளத்திலிருந்து கோட்டயத்திற்கு 1956இலும், கோட்டயத்திலிருந்து கொல்லத்திற்கு 1958இலும் ரயில் வந்தது. ஆலப்புழையோ 1989 வரை ரயிலைக் காணவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் வளர்த்த அத்துறைமுக நகரத்திற்கு நெல், கொப்பரை, கயிறு, மிளகு யாவும் படகில் வந்தன. பலகைகளை ஆணியின்றித் தேங்காய் நார்க் கயிற்றினால் தைத்துக் கட்டிய கெட்டுவள்ளங்கள் அச்சரக்குகளைச் சுமந்தன. இன்று சுற்றுலாப் பிரயாணிகள் தங்கும் வீட்டுப் படகுகள் அவற்றின் வழிவந்தவையே.

1968இல் அமைக்கப்பட்ட கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறை ஆலப்புழையைத் தலைமையிடமாகக் கொண்டது. இரு ஜில்லாத் தலைநகரங்களாகிய ஆலப்புழைக்கும் கோட்டயத்திற்குமிடையே அதன் படகுகள் வேம்பநாட்டுக் காயலைக் கடந்து ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் செல்வன. பேருந்து இதனினும் விரைவில் சென்றுவிடும். ஆயினும் வழியிலுள்ள வயற்கரைகளில் வாழ்வோருக்குப் படகுத்துறையே பேருந்து நிறுத்தம். பள்ளிக்குச் செல்லும் சிறுவன், சந்தைக்குச் செல்லும் மூதாட்டி, மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளி ஆகியோரைப் படகு வாயிற்படியிலேயே ஏற்றிக்கொள்கின்றது. கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்கு விடப்பட்ட நீண்டதூரச் சுற்றுலாப் படகு எட்டு மணி நேரம் எடுத்துக்கொண்டது. அதே தூரத்தை ரயில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குள் கடந்துவிடும். ஆகவே நகரத்திற்கு நகரம் விரைந்து செல்பவர் ரயிலையே நாடுவர். நகரங்களுக்கு நடுவே, நீர் சூழ்ந்த இடங்களில் வாழ்பவர்களுக்கே படகு இன்றியமையாதது. இவ்வுண்மையை மறந்து நேரத்தை மட்டும் ஒப்பிடும் கணக்கு குறையுடையதாகும்.

கொல்லம் முதல் கோட்டப்புரம் வரையிலான 168 கிலோமீட்டர் மேற்குக் கடற்கரைக் கால்வாயும், சம்பக்கரைக் கால்வாய் 14 கிலோமீட்டரும், உத்தியோகமண்டல் கால்வாய் 23 கிலோமீட்டரும் சேர்ந்து 205 கிலோமீட்டர் நீர்வழி 1993இல் மூன்றாம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் இதனைக் கோழிக்கோடு வரை நீட்டியது. அச்சட்டத்தின்படி நாட்டின் தேசிய நீர்வழிகள் மொத்தம் 111 ஆயின. ஆனால் அறிவிப்பு மட்டும் படகை ஓட்டிவிடாது. ஆழமும் அகலமும் இடையறாது பேணப்பட்டாலன்றி வழி வரைபடத்தில் மட்டுமே நிற்கும்.

வயலும் வள்ளமும்

நீரைப் பங்கிடும் வழக்கு காயல் நாட்டிலும் இல்லாமலில்லை. வேம்பநாட்டுக் காயலை ஒட்டிய குட்டநாட்டு நெல் வயல்கள் பல கடல் மட்டத்திற்கும் தாழ்ந்தவை. கோடையில் உப்புநீர் புகாமல் தடுப்பதற்காகத் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டப்பட்டது. டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் அதன் கதவுகள் மூடப்படுகின்றன. நெல்லுக்கு இது நன்மை. ஆயினும் உப்புநீர் வாராமையால் ஆகாயத் தாமரை முதலிய களைகள் அழியாமல் பெருகி நீர்ப்பரப்பை மூடுகின்றன. கடலுக்கும் காயலுக்குமிடையே சென்றுவரும் மீன்களின் வழியும் தடைப்படுகின்றது. களை அடர்ந்த கால்வாயில் படகின் விசிறியில் தண்டுகள் சுற்றிக்கொள்ளும், எரிபொருள் வீணாகும், சிறு வள்ளங்கள் நகரவும் இயலாது.

மூலத்தரையிலும் தண்ணீர்முக்கத்திலும் எழும் வினா ஒன்றே. வயலுக்கு நீரை எடுக்கவேண்டும் அல்லது அடைக்கவேண்டும். படகிற்கோ நீர் தங்கவும் வழி திறந்திருக்கவும் வேண்டும். பெருமாட்டியில் வயல் வென்றது பொருத்தமே. குட்டநாட்டில் இரண்டும் வாழ இடமுண்டு. அதற்குக் கதவுகளைத் திறக்கும் நாளையும் களை அகற்றும் காலத்தையும் உழவர், மீனவர், படகோட்டிகள் ஆகிய முத்திறத்தாரும் கூடித் தீர்மானித்தல் அவசியம்.

பக்கிங்ஹாம் கால்வாயின் பாடம்

நீர்வழி ஒன்று பேணப்படாவிட்டால் என்னவாகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உள்ளது. சென்னைக்கும் எண்ணூருக்குமிடையே 1806இல் வெட்டத் தொடங்கிய கால்வாய் படிப்படியாக வடக்கும் தெற்கும் நீண்டது. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில் நிவாரண வேலையாகப் பல்லாயிரவர் அதன் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். அக்கால ஆளுநரின் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாய் எனப்பட்டது. வடக்கே கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக் கால்வாய்களுடன் இணைந்து காக்கிநாடா வரையிலும், தெற்கே மரக்காணம் வரையிலும் படகுகள் சென்றன. நெல்லும் விறகும் உப்பும் சென்னைக்கு இவ்வழியே வந்தன. பாய் விரித்தும், கழி ஊன்றியும், கரையில் நடந்து கயிற்றால் இழுத்தும் படகுகள் செலுத்தப்பட்டன. சென்னையிலிருந்து மாமல்லபுரத்திற்கு இக்கால்வாயில் படகில் சென்ற அனுபவத்தைப் பாரதிதாசன் ‘மாவலிபுரச் செலவு’ என்னும் கவிதையாக்கினார்.

1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் இக்கால்வாயைச் சேதப்படுத்தின. சேதத்தைவிட அதன்பின் வந்த அலட்சியமே பெருந்தீங்காயிற்று. மண் படிந்தது, நகரக் கழிவுநீர் கலந்தது, கரைகளில் குடியிருப்புகள் எழுந்தன. பின்னர் சென்னையின் பறக்கும் ரயில் பாதைக்குக் கால்வாயின் படுகையிலேயே தூண்கள் ஊன்றப்பட்டன. 2008இல் இக்கால்வாய் நான்காம் தேசிய நீர்வழியின் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டபோது, சென்னை நகருக்குள் படகு செல்லத்தக்க அகலமும் ஆழமும் எஞ்சியிருக்கவில்லை. சாலையைச் சில மாதங்களில் செப்பனிட்டுவிடலாம். தூண் ஊன்றிய கால்வாயை மீட்பது அரிது.

பாலமும் படகின் பகையாவதுண்டு. வங்கதேசத்தில் டாக்காவிலிருந்து பரிசாலுக்கு இரவில் புறப்படும் பெரிய லாஞ்சுகள் தலைமுறைகளாக மக்களை ஏற்றிச் சென்றன. 2022 ஜூன் 25 அன்று பத்மா ஆற்றின்மேல் பாலம் திறக்கப்பட்டதும், சில மணி நேரத்தில் கொண்டு சேர்க்கும் பேருந்தைப் பிரயாணிகள் நாடினர், லாஞ்சுகள் குறைந்தன. பாலம் தேவையானதே. ஆயினும் சிறு கால்வாய்களின்மேல் பாலம் கட்டும்போது அடியில் படகு செல்ல உயரம் விடுவது பொறியாளர் கையில் உள்ளது. கோட்டயம் பகுதிக் கால்வாய்களில் படகு வரும்போது தூக்கிவிடப்படும் சிறு பாலங்கள் அமைக்கப்பட்டதும் இக்கருத்துடனேயே. தூக்கும் பொறி பழுதாயின் அப்பாலமே படகைத் தடுக்கும் சுவராகிவிடும்.

புதிய படகுகள்

நிதானமாகச் செல்லும் படகிற்குக் குறைந்த திறன் போதும் என்ற பழைய உண்மையே இன்று புதிய வாய்ப்பைத் தந்துள்ளது. வைக்கத்திற்கும் தவணக்கடவிற்குமிடையே 2017 ஜனவரியில் ‘ஆதித்யா’ என்ற பிரயாணிகள் படகு ஓடத் தொடங்கியது. சூரிய ஒளியினின்றும் மின்சாரம் பெற்று ஓடும் இப்படகில் 75 பேர் செல்லலாம். இரு மின்மோட்டார்களும், ஒளியை மின்சாரமாக்கும் தகடுகள் பதித்த கூரையும், மின்சாரத்தைச் சேமிக்கும் பாட்டரிகளும் இதில் உள்ளன. டீசல் புகையும் இரைச்சலும் நீரில் எண்ணெய் கசிவதும் இல்லை. படகின் அகன்ற கூரையே மின்நிலையமாகின்றது. இவ்வசதி பேருந்திற்குக் கிடையாது.

கொச்சியில் நீர்மெட்ரோ என்னும் திட்டம் 2023 ஏப்ரல் 25 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. 38 படகுத்துறைகளும் 78 படகுகளும் கொண்டதாக வகுக்கப்பட்ட இத்திட்டத்தின் படகுகள் பாட்டரியால் இயங்குவன. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்ட பெரிய படகு ஒவ்வொன்றிலும் 100 பேர் செல்லலாம். உயர்நீதிமன்றத் துறையிலிருந்து வைப்பின் வரையும், வைற்றிலாவிலிருந்து காக்கநாடு வரையும் முதலில் சேவை நடந்தது. நீர் ஏறினாலும் இறங்கினாலும் படகின் தளத்திற்குச் சமமாக நிற்கும் மிதவைத் துறைகள் இங்கு அமைக்கப்பட்டமையால், முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் எளிதில் ஏறலாம். வைற்றிலாவில் படகுத்துறையும் பேருந்து நிலையமும் மெட்ரோ ரயில் நிலையமும் அருகருகே உள்ளன. முன்னாளில் திரூரில் ரயிலும் படகும் சந்தித்ததுபோலவே, இங்கும் ஒன்றுக்கொன்று துணையாக அவை நிற்கின்றன.

உயிருக்கு முதலிடம்

படகின் பெருமையைக் கூறுபவர் அதன் அபாயத்தையும் கூறக் கடமைப்பட்டவர். 1924 ஜனவரி 16 அன்று, கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்கு இரவில் சென்ற ‘ரிடீமர்’ என்ற படகு பல்லனை அருகே கவிழ்ந்து மலையாள மகாகவி குமாரன் ஆசான் உட்படப் பலர் மாண்டனர். 2002 ஜூலை 27 அன்று குமரகத்தருகே வேம்பநாட்டுக் காயலில் படகு மூழ்கி 29 பேர் இறந்தனர். அவர்களுள் பலர் அரசுப் பணித் தேர்வு எழுதச் சென்றவர்கள். 2007 பிப்ரவரி 20 அன்று தட்டேக்காட்டில், பெரியாற்றில், பள்ளிச் சுற்றுலா சென்ற படகு மூழ்கிப் பதினைந்து மாணவர்களும் மூன்று ஆசிரியர்களும் உயிரிழந்தனர்.

இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் காரணம் அளவுக்கு மிஞ்சிய கூட்டம். முன் கூறிய பெட்டிப் படகின் கணக்கு இங்கும் உதவும். 15 பேர் ஏறினால் 5 சென்டிமீட்டர் அமிழும் படகு, 60 பேர் ஏறினால் 20 சென்டிமீட்டர் அமிழும். நீர்மட்டத்திற்கும் படகின் விளிம்பிற்குமுள்ள இடைவெளி அவ்வளவு குறைந்துவிடும். அந்நிலையில் பலர் ஒரு பக்கம் எழுந்து நின்றாலோ, மேல்தளத்தில் ஏறினாலோ, பாரத்தின் மையம் உயர்ந்தும் விலகியும் போகின்றது. படகு சாய, விளிம்பின்மேல் நீர் புகுகின்றது. புகுந்த நீர் தாழ்ந்த பக்கத்திற்கே ஓடிச் சாய்வை மேலும் வளர்க்கின்றது. ஒரு தகரப் பெட்டியையும் சில கூழாங்கற்களையும் ஒரு தொட்டி நீரையும் கொண்டு ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். கற்களைச் சமமாக அடுக்கும்வரை பெட்டி மிதக்கும். அதே கற்களை ஒரு மூலைக்குத் தள்ளினால் கவிழும். எடை மாறவில்லை, இடம் மட்டுமே மாறியது. இச்சோதனையைக் கண்ட மாணவன் படகில் எழுந்து ஓடமாட்டான்.

களப்பணியாளரின் கவனத்திற்கு

நீர்வழிகள் உள்ள பகுதிகளில் பணிபுரிவோர் சில குறிப்புகளை ஆண்டு முழுவதும் தொடர்ந்து பதிவு செய்தல் நலம். கோடையின் கடைசி வாரங்களில் கால்வாயின் மிகக் குறைந்த ஆழம் எவ்வளவு, எவ்விடத்தில் என்பது முதலாவது. மழைக்காலத்து ஆழத்தை மட்டும் குறிக்கும் பதிவினால் பயனில்லை; ஒரு சங்கிலியின் வலிமை அதன் நலிந்த கண்ணியில் இருப்பதுபோல், ஒரு நீர்வழியின் தகுதி அதன் ஆழம் குறைந்த இடத்திலேயே உள்ளது. வெள்ள காலத்தில் நீர்மட்டத்திற்கும் பாலத்தின் அடிக்குமுள்ள இடைவெளி இரண்டாவது. களை பரவும் மாதமும் பரப்பும் மூன்றாவது. துறைகளில் இரவு விளக்கு, கைப்பிடி, ஏறும் பலகை ஆகியவற்றின் நிலை நான்காவது. ஏற்றத்தக்க பிரயாணிகளின் எண் படகில் தெளிவாக எழுதப்பட்டுள்ளதா, மிதவைச் சட்டைகள் கைக்கெட்டும் இடத்தில் உள்ளனவா என்பது ஐந்தாவது; இதுவே யாவற்றினும் முதன்மையானது.

நீர்வழியற்ற பெருமாட்டி போன்ற இடங்களிலும் கற்பிப்பதற்குரியது உண்டு. மாணவர்களைச் சித்தூர்ப்புழையின் கரைக்கு அழைத்துச் சென்று, ஒரு மிதவையை விட்டு, அது பத்து மீட்டர் செல்ல எடுக்கும் நேரத்தை மழைக்காலத்திலும் கோடையிலும் அளக்கச் செய்யலாம். பாதுகாப்பான இடத்தில், ஆசிரியர் முன்னிலையில், ஆழத்தையும் அளந்து குறிக்கலாம். ஓராண்டுக் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவனுக்குத் தன் ஊர் ஆற்றில் படகு ஏன் ஓடவில்லை என்பதற்கு வேறு எவரும் விடை கூற வேண்டியதில்லை. அவன் அளந்த எண்களே அதனைக் கூறும்.

மூலத்தரையில் திருப்பப்படும் நீர் நெல்லாகவும் தேங்காயாகவும் மாறுகின்றது. அங்குத் திருப்பப்படாமல் கீழே செல்லும் நீர், பல ஓடைகளின் நீருடன் கூடிப் பொன்னானியை அடைகின்றது. சரிவில் ஓடும் நீர் வயலுக்கு உரியது. சமதளத்தில் தங்கும் நீர் படகிற்கும் உரியது. இவ்வேறுபாட்டை உணர்ந்து, தங்கும் நீர் உள்ள இடங்களிலாவது ஆழத்தையும் வழியையும் காத்து வந்தால், சாலையின் நெரிசலும் எரிபொருளின் செலவும் ஓரளவேனும் குறையும். அக்காவலைக் கைவிட்ட ஊர்கள் பக்கிங்ஹாம் கால்வாயின் கரையில் நின்று தாம் இழந்ததைக் காணலாம்.